எல்மோ வந்த பிறகு செசமி ஸ்ட்ரீட் கெட்டுப்போச்சா? வடசென்னை ரசிகர்கள் வாங்க

கல்மண்டபம்78

2025 நவம்பர் 10 அன்று நெட்ஃபிளிக்ஸில் செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் பொம்மை நிகழ்ச்சியின் புது சீசன் வந்தது. 1969-இல் முதல் எபிசோட் ஒளிபரப்பானதும் அதே நவம்பர் 10. இது 56-வது சீசன். என் பெண்ணோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்குப் பிடித்திருக்கிறது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் பார்த்தது இதில்லை.

சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த வீடியோ கேசட்டுகளில் பார்த்த பழைய செசமி ஸ்ட்ரீட்டில் ஒரு தெரு இருக்கும். வாசற்படியில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், முனையில் ஒரு கடை, பக்கத்திலேயே குப்பைத்தொட்டி. ஒரு மணி நேரம் ஓடும். தெருவில் ஒரு கதை நடக்கும், நடுவில் எழுத்து, எண், குட்டிப் படம் என்று வேறு எங்காவது போய்விட்டுத் திரும்பவும் தெருவுக்கே வரும். 1998-இல் 'எல்மோஸ் வேர்ல்ட்' என்று கடைசிக் கால் மணி நேரத்தை எல்மோவுக்குக் கொடுத்தார்கள். கிரேயானில் வரைந்த ஓர் அறை, அதற்குள் எல்மோ என்ற சிவப்புப் பொம்மை, ஒரு மீன். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த நிகழ்ச்சியை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்பதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

டி.எச்.ரோடு_அம்மா

மறுக்க வந்துவிட்டேன் அண்ணா. எல்மோவைத் திட்டுகிறவர்கள் எல்லாருமே நாற்பதைத் தாண்டிய ஆண்களாக இருப்பது எப்படி?

நிகழ்ச்சி ஆரம்பித்தபோது மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு என்று திட்டமிட்டார்கள். தொண்ணூறுகளில் இரண்டு வயதுக் குழந்தைகளும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த வயதுக்கு ஒரு மணி நேரம் ரொம்ப நீளம். அதற்காகக் கொண்டுவந்ததுதான் எல்மோவின் அறை. ஒரே இடம், ஒரே ஆள், ஒவ்வொரு முறையும் அதே வரிசை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதில்தான் சந்தோஷம். என் மகன் அந்த மீனுக்குத் தினமும் டாட்டா காட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவான். உங்கள் தெருக் கதை அவனுக்கு எப்படிப் புரியும்?

கொடுங்கையூர்_பச்சை

எல்மோ தன்னையே "எல்மோவுக்கு வேணும்" என்று பெயர் சொல்லிப் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். அதற்குமேல் என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

பெரம்பூர்_லோகோ

தம்பி கல்மண்டபம், தெருவைப் பற்றி நீங்கள் சொன்னது பாதிதான் சரி.

ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் திட்டம் போட்டபோது அவர்களோடு இருந்த குழந்தை உளவியல் நிபுணர்கள் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்கள். நிஜ மனிதர்களையும் பொம்மைகளையும் கலக்காதீர்கள், பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்றார்கள். அதனால் தெருக் காட்சிகளில் மனிதர்கள் மட்டும், ஜிம் ஹென்சனின் பொம்மைகள் தனித் துண்டுகளில் என்று பிரித்து எடுத்தார்கள். 1969 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் பிள்ளைகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். பொம்மை வந்தால் பார்க்கிறார்கள், தெரு வந்தால் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

ஒளிபரப்புக்கு இன்னும் சில மாதங்கள்தான். நிபுணர்கள் சொன்னதைத் தள்ளிவைத்துவிட்டு, தெருவிலேயே வாழ்வதற்கென்று இரண்டு பொம்மைகளைச் செய்தார்கள். ஒன்று பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை, இன்னொன்று குப்பைத்தொட்டியில் இருக்கும் சிடுமூஞ்சி ஆஸ்கர். நீங்கள் உருகுகிற அந்தத் தெரு, பொம்மை இல்லாமல் முதல் பரீட்சையிலேயே ஃபெயில்.

கல்மண்டபம்78

லோகோ சார், அது என் கட்சிக்குத்தான் பலம். பொம்மை தெருவுக்கு வந்ததால் தெரு பிழைத்தது. எல்மோ என்ன செய்தான்? பொம்மையைத் தெருவிலிருந்து மறுபடி தனியே பிரித்தான். நிபுணர்கள் 69-இல் சொன்னதை 98-இல் நிறைவேற்றிவிட்டான்.

கொடுங்கையூர்_பச்சை

இது நல்ல பாயிண்ட்.

ஆஸ்கர் பேச்சு வந்ததால் நானும் கொஞ்சம் எழுதுகிறேன். பெயரிலேயே பச்சை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் சீசனில் ஆஸ்கர் ஆரஞ்சு நிறம், இரண்டாவதிலிருந்துதான் பச்சை. அவன் குப்பைத்தொட்டியில் இருக்கிறான், குப்பை பிடிக்கும் என்கிறான், யாரையும் பிடிக்காது என்கிறான். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக யாரும் அவனைத் திருத்தவில்லை. தொட்டியைக் கழுவி அவனைக் குளிப்பாட்டி நல்ல பிள்ளையாக்கும் கதை எழுதுவது எவ்வளவு சுலபம்! அதைச் செய்யாமல் விட்டார்களே, அதற்காகவே அந்த எழுத்தாளர்களுக்கு ஒரு சலாம். சிடுமூஞ்சியும் அந்தத் தெருக்காரன்தான், வரி கட்டுகிறானோ இல்லையோ.

2016-இல் செட்டைப் புதுப்பித்தபோது ஆஸ்கருக்கு மறுசுழற்சித் தொட்டி, உரத்தொட்டி வழியாகவும் தலையை நீட்ட ஏற்பாடு செய்தார்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலேயே பழைய குப்பையைத் தோண்டித் தரம் பிரிக்கிற பயோமைனிங் நடக்கிற காலம், ஆஸ்கரும் தரம் பிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகாராணி_ஸ்டாப்

அப்போ தமிழில் ஒரு செசமி ஸ்ட்ரீட் எடுத்து நம்ம பக்கம் செட் போட்டால், ஆஸ்கர் கொடுங்கையூர்க்காரன். ஹிஹி.

கொடுங்கையூர்_பச்சை

ஹிஹி வேண்டாம் நண்பா. அதை நான் சொன்னால் ஜோக், நீங்கள் சொன்னால் வேறு. ஊரில் உள்ளவன் குப்பையைப் பூராவும் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டிவிட்டு, பொம்மைக்கும் எங்கள் முகவரியையே கொடுப்பீர்களா? சினிமாக்காரர்கள் வடசென்னைக்கு அரிவாளும் கஞ்சாவும் கொடுத்ததே போதும். தமிழ் ஆஸ்கர் போட் கிளப் ரோட்டில் இருக்கட்டும்.

வியாசை_டீச்சர்

பச்சை தம்பிக்கு என் ஓட்டு. நான் எல்மோ சண்டைக்கு வரவில்லை, வேறு ஒரு எபிசோடைப் பற்றிச் சொல்ல வந்தேன். சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான்.

அந்தத் தெருமுனை ஹூப்பர் கடை நினைவிருக்கிறதா? கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம், ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். உளவியல் அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டு, செத்துப்போனார் என்றே சொல்வது என்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். அது அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை. அப்பா அம்மா வீட்டில் இருப்பார்கள், பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த நாள்.

பிக் பேர்ட் தெருவில் உள்ள எல்லாரையும் படம் வரைந்து கொண்டுவந்து கொடுக்கும். ஹூப்பர் படம் மட்டும் மிச்சம். அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்று சொல்லும். அவர் வரமாட்டார், செத்துப்போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்த நடிகர்களின் கண்ணீர் நிஜம். ஏன் இப்படி நடக்கணும் என்று பிக் பேர்ட் கேட்கும்போது அந்தத் தெருப் பெரியவர்களில் ஒருவரான கார்டன் நீளமாக எதையும் விளக்க மாட்டார். இப்படித்தான் என்பார், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்தில் சாவு மறைவான விஷயம் கிடையாது. மேளம் அடித்து, பட்டாசு வெடித்து, ரோடு முழுக்கப் பூவை இறைத்துத்தான் எடுத்துப்போகிறோம். பிள்ளைகள் பால்கனியிலிருந்து பார்க்கிறார்கள். ஆனால் அதே பிள்ளை தன் தாத்தா எங்கே என்று கேட்டால் மட்டும் "சாமிகிட்ட போயிட்டாரு, வந்துடுவாரு" என்கிறோம். ஒரு பையன் தாத்தாவுக்கு என்று மிட்டாயை டப்பாவில் சேர்த்துவைத்துக்கொண்டே இருந்தான். வந்துடுவாரு என்ற ஒரு சொல்லால் வந்த வினை. அவன் அம்மாவிடம் இந்த எபிசோடைப் போட்டுக் காட்டினேன். மொழி அவருக்கு முழுசாகப் புரியவில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். மறுநாள் அவரே பையனிடம் பேசிவிட்டார். எபிசோட் ஹூப்பரோடு முடிவதில்லை, தெருவுக்கு ஒரு கைக்குழந்தை வரும், பிக் பேர்ட் அதைப் போய்ப் பார்க்கும்.

டி.எச்.ரோடு_அம்மா

டீச்சர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

வியாசை_டீச்சர்

நன்றாக இருக்கிறான் அக்கா. டப்பாவிலிருந்த மிட்டாயை எல்லாம் அவனே தின்றுவிட்டான்.

பெரம்பூர்_லோகோ

பெரியவர்கள் பிள்ளையிடம் உண்மை சொல்வதைப் பற்றி டீச்சர் பேசினார். பிள்ளை சொல்வதைப் பெரியவர்கள் நம்புவது பற்றியும் அந்த நிகழ்ச்சியில் ஒன்று உண்டு.

ஸ்னஃபலுபகஸ், சுருக்கமாக ஸ்னஃபி. யானை மாதிரி பெரிய உருவம். 1971-இல் வந்தது. பிக் பேர்ட் கண்ணுக்கு மட்டும் தெரியும். பெரியவர்கள் வருவதற்குள் எப்படியாவது போய்விடும். "இங்கேதான் இருந்தான்" என்று பிக் பேர்ட் சொல்ல, "சரி சரி" என்று அவர்கள் சிரிக்க, இப்படியே பதினான்கு வருஷம் ஓடியது. நல்ல காமெடி. ஆனால் எண்பதுகளில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி அமெரிக்காவில் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொன்னாலும் பெரியவர்கள் நம்பமாட்டார்கள் என்று பார்க்கிற பிள்ளைக்கு நாம் தினமும் கற்றுக்கொடுக்கிறோமோ என்ற பயம் தயாரிப்பாளர்களுக்கு வந்தது. 1985 நவம்பரில் எல்லாருக்கும் ஸ்னஃபியைக் காட்டிவிட்டார்கள். கிடைத்துக்கொண்டிருந்த சிரிப்பை அந்தக் காரணத்துக்காக விட்டுக்கொடுத்தார்கள்.

மகாராணி_ஸ்டாப்

ஆனாலும் ஸ்னஃபி தெரியாமல் இருந்தவரைதான் சுவாரசியம். அதற்குப் பிறகு சும்மா ஒரு பெரிய பொம்மை.

வியாசை_டீச்சர்

இருக்கட்டும் தம்பி. சுவாரசியம் குறைந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

டி.எச்.ரோடு_அம்மா

லோகோ சார் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். அந்த எபிசோடில் பெரியவர்கள் ஓடிவரும்வரை ஸ்னஃபி நழுவிப் போகாமல் அதன் துதிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது யார் தெரியுமா? எல்மோ! உங்கள் வீடியோ கேசட்டில் அது இல்லையா கல்மண்டபம் அண்ணா?

கொடுங்கையூர்_பச்சை

அடி பலமா பட்டுடுச்சு. கல்மண்டபத்தைக் காணோம்.

பொம்மை_ராட்டினம்

எல்லாரும் கதை பேசுகிறீர்கள், நான் கை வலியைப் பற்றிப் பேசலாமா? பள்ளிகளில் பொம்மை வைத்துக் கதை சொல்லிச் சம்பாதிக்கிறேன். வண்ணாரப்பேட்டைதான்.

பிக் பேர்ட் எட்டடி இரண்டு அங்குலம். அதற்குள் இருந்தவர் கேரல் ஸ்பின்னி. 1969-இலிருந்து 2015 வரை உள்ளே அவர்தான், அதன்பிறகு 2018 வரை குரல் மட்டும். ஆஸ்கரும் அவர்தான். உள்ளே வலது கையைத் தலைக்குமேல் முழுசாகத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும், அந்தக் கைதான் பிக் பேர்டின் தலை. கட்டைவிரலும் மற்ற விரல்களும் அலகு. வெளியே எதுவும் தெரியாது. நெஞ்சில் ஒரு குட்டி டிவியைக் கட்டிக்கொண்டு, கேமரா காட்டுவதை அதில் பார்த்துத்தான் நடப்பார். இடது கை இடது இறக்கைக்குப் போய்விட்டது. வலது இறக்கைக்குக் கை மிச்சமில்லை. அதனால் அதைத் தங்கூஸ் நரம்பில் கட்டி, கழுத்துக்குக் கீழே ஒரு வளையத்தில் விட்டு, இடது கையோடு இணைத்திருப்பார்கள். இடது இறக்கை இறங்கினால் வலது ஏறும். காசிமேட்டில் வலையும் தூண்டிலும் விற்கிற கடையில் கிடைக்கும் அதே சரக்குதான்!

மற்ற பொம்மைகளுக்கும் ஆட்டுகிறவர் கீழே, பொம்மை மேலே. வலது கை தலைக்குள் போய்விடுவதால், ஒருவரே ஆட்டும்போது பொம்மைக்கு மிஞ்சுவது அவருடைய இடது கை. அந்தத் தெருவில் இத்தனை பேர் இடதுகைப் பழக்கக்காரர்களாக இருப்பது அதனால்தான். பிஸ்கட் தின்கிற குக்கி மான்ஸ்டர் பொம்மைக்கு ஒரு ஆள் போதாது, இன்னொரு கைக்கு இன்னொருவர் ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

நம்ம பொம்மலாட்டத்தில் இது தலைகீழ். கும்பகோணம் பக்கத்துக் கலைஞர்கள் தலையில் இரும்பு வளையம் மாட்டிக்கொண்டு, அதில் கயிற்றைக் கட்டிப் பொம்மையைத் தொங்கவிடுவார்கள். கையில் கம்பி பிடித்துப் பொம்மையின் கையை ஆட்டுவார்கள். பாரம் முழுக்கக் கழுத்தில். இங்கே தோளில். நான் அரை மணி நேரம் கையைத் தூக்கிப் பிடித்தால் மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடிவதில்லை, ஸ்பின்னி நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் பிடித்திருக்கிறார்.

என்னைக் கேட்டால் எல்மோவா பிக் பேர்டா என்ற சண்டையில் நான் எல்மோ பக்கம். கெவின் கிளாஷ் கைக்கு வருவதற்கு முன்னால் எல்மோ ஓரத்தில் நிற்கிற பொம்மை, வேறு சிலர் ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள், எடுபடவில்லை. எண்பதுகளின் நடுவில் அவர் எடுத்து, கீச்சுக் குரல் கொடுத்து, எல்லாரையும் கட்டிப்பிடிக்கிற மூன்றரை வயசுப் பிள்ளையாக மாற்றினார். பொம்மை அதே பொம்மைதான். மாறியது உள்ளே போன கை.

கல்மண்டபம்78

காணாமல் போகவில்லை பச்சை, ஷிஃப்ட் முடித்து இப்போதுதான் வந்தேன்.

எல்மோ துதிக்கையைப் பிடித்தது 1985. அப்போது அவன் தெருவில் ஒருத்தன். என் சண்டை 98-க்குப் பிறகு வந்தவனோடு. 1996-இல் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கிற எல்மோ பொம்மை வந்து, கிறிஸ்துமஸ் நேரத்தில் அமெரிக்கக் கடைகளில் அடிதடி நடந்தது. எல்மோவின் அறை வந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு வயதுப் பிள்ளைக்காக என்று அக்கா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் பொம்மை விற்ற காசும் அந்த அறையில் இருக்கிறது.

இன்னொன்று. இந்த நிகழ்ச்சியை ஆரம்பித்ததே, பாலர் பள்ளிக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காக. தெருவை நியூயார்க்கின் ஹார்லெம் மாதிரியான பகுதிகளைப் பார்த்துப் போட்டார்கள். கறுப்பர், வெள்ளையர், பிறகு லத்தீனோக்கள் எல்லாரும் ஒரே வாசற்படியில். மிசிசிப்பி மாநிலத்தில் இதற்காகவே 1970-இல் ஒளிபரப்ப மாட்டோம் என்று ஒரு குழு ஓட்டுப்போட்டது, எதிர்ப்பு வந்ததும் சில வாரத்தில் பின்வாங்கியது. அப்படிப்பட்ட நிகழ்ச்சியின் புது எபிசோட் 2016-இலிருந்து முதலில் காசு கட்டுகிற எச்பிஓ சேனலில், ஒன்பது மாசம் கழித்துத்தான் இலவசப் பொதுச் சேனலான பிபிஎஸ்ஸில் வந்தது. எபிசோடும் அரை மணியாகச் சுருங்கியது. பணக்காரப் பிள்ளை ஏப்ரலில் பார்ப்பதை ஏழைப் பிள்ளை ஜனவரியில் பார்க்கணும். இதைத்தான் எனக்கு மன்னிக்க முடியவில்லை.

பெரம்பூர்_லோகோ

கோபம் நியாயம். ஆனால் அந்தக் காசு இல்லையென்றால் எபிசோடே இல்லை என்ற நிலைமை அப்போது. டிவிடி விற்பனை விழுந்துபோயிருந்தது. இப்போது நெட்ஃபிளிக்ஸில் வருகிற அன்றைக்கே பிபிஎஸ்ஸிலும் வருகிறது. அந்த ஒன்பது மாசம் ஒழிந்தது.

யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. கியர்னி, லெவின் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் செய்தது. ஆரம்ப காலத்தில் சில ஊர்களில் இந்த நிகழ்ச்சி தெளிவான விஎச்எஃப் சேனலில் வந்தது, சில ஊர்களில் மங்கலான யுஎச்எஃப்பில். இரண்டு வகை ஊர்ப் பிள்ளைகளையும் ஒப்பிட்டால், சிக்னல் நன்றாக வந்த இடத்துப் பிள்ளைகள் வயதுக்கேற்ற வகுப்பில் படிப்பது கூடியிருந்தது. மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மகாராணி_ஸ்டாப்

நம்ம ஊரில் 2003-இல் செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்று சென்னையில் கொண்டுவந்தபோது எங்கள் வீட்டில் கட்டணச் சேனல் எல்லாம் போச்சு. அதனால் 2006-இல் செசமி ஸ்ட்ரீட்டின் இந்தி வடிவமான 'கல்லி கல்லி சிம் சிம்' வந்தபோது பக்கத்து வீட்டில்தான் பார்த்தேன். சம்கி யாருக்காவது நினைவிருக்கிறதா? ஸ்கூல் யூனிஃபார்ம், ரெட்டைச் சடை. பூம்பா என்று ஒரு சிங்கம்.

வியாசை_டீச்சர்

சம்கியை மறக்க முடியுமா? நம்ம கார்ப்பரேஷன் பள்ளிப் பெண் மாதிரியே இருப்பாள், பேசுவது மட்டும் இந்தி. ஆஞ்சு என்று ஒருத்தி, தும்மினால் வேறு இடத்துக்குப் போய்விடுவாள். நல்ல நிகழ்ச்சி, ஆனால் அந்தச் சந்து வடக்கத்திச் சந்து. தென்னாப்பிரிக்காவில் 2002-இல் எச்ஐவி உள்ள காமி என்ற பொம்மையைச் செய்தார்கள். அந்த ஊருக்கு அது தேவைப்பட்டது. அதுபோல நம்ம தெருவுக்கென்று யோசித்தால், வெள்ளம் வந்து வீட்டைக் காலி செய்கிற பிள்ளைக்கு ஒரு கதை வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறினாலே எங்கள் பிள்ளைகள் புத்தகப் பையை எடுத்துக் கட்டில்மேல் வைக்கிறார்கள், யாரும் சொல்லித்தரவில்லை.

பொம்மை தம்பி, ஒரு பொம்மை செய்ய எவ்வளவு ஆகும்? பெரிதாக வேண்டாம், கையில் மாட்டுகிற மாதிரி ஒன்று போதும்.

பொம்மை_ராட்டினம்

டீச்சர், கூலி வேண்டாம், துணி செலவு மட்டும். தலைக்குச் சோபா ஸ்பான்ஜ் போதும், அது என்னிடமே இருக்கிறது. ரோமத் துணிக்குக் கோடவுன் தெருவில் சொல்லிவைத்தால் துண்டுத் துணியாகக் கொடுப்பார்கள். வாய் பெரிதாக வைக்கிறேன், அப்போதுதான் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் பேசுவது தெரியும். திங்கட்கிழமை வாங்கப் போகிறேன்.

கல்மண்டபம்78

துணிக் காசு என்னுடையது டீச்சர். ஒரே நிபந்தனை, சிவப்பு மட்டும் வேண்டாம்.

பொம்மை_ராட்டினம்

போய்விட்டு வந்தேன். பச்சை தீர்ந்துபோச்சு, மஞ்சள் மீட்டர் கணக்கில் மட்டும்தானாம். துண்டில் கிடைத்தது ஒரே நிறம். ஜிபே நம்பர் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன் தலைவா.

டி.எச்.ரோடு_அம்மா

😂😂😂